வாசலுக்கு வந்து சொல்லாத கேதம்

அன்பு மகன் மோகன்குமாருக்கு அப்பா சொல்ல, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சர்புன்னிசா எழுதுவது. பஹ்ரைனில் நீயும் மருமகள் புவனேஸ்வரியும் பேத்தி தமிழ்மதியும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் நேரத்துக்குச் சாப்பிட்டு, காலையில் ஒரு நடை நடந்து, நீ திண்டுக்கல்லில் கட்டின வீட்டுக்குக் காவலாக நன்றாகவே இருக்கிறேன். மாடித் தொட்டி வால்வை மாற்றியாயிற்று, இப்போது தண்ணீர் வழியவில்லை. முழங்கால் வலி இருக்கிறது, அது என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் இருக்கிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஆனந்தி பேரை எடுத்தாலே, "டவர் இல்லப்பா, பெறகு பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்துக்கு டவர் வேண்டாம், அதனால்தான்.

திண்டுக்கல்லை மதுரையில் இருந்து பிரித்துத் தனி ஜில்லா ஆக்கினார்களே, அந்த வருஷம். சாணார்பட்டிக் காட்டில் நம் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வைத்த வருஷமும் அதுதான். மூத்தவன் கண்ணனைப் பள்ளிக்கூடத்தில் போட்டோம், ஆனந்திக்கு மூன்று வயது, உனக்கு முதல் பல் முளைத்திருந்தது. ஐப்பசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை தொப்பம்பட்டியில் என் அக்கா ஜக்கம்மாளின் வீட்டுக்காரர் இறந்துபோனார். உனக்கு அத்தை இருக்கிறாள் என்பதே பாதி மறந்திருக்கும், நாங்கள் அப்படி வைத்திருந்தோம். புருஷன் இறந்தால் பிறந்த வீட்டில் இருந்து தம்பி கோடிச் சேலை கொண்டுபோய் அக்கா மேல் போட வேண்டும், அது வராமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். அதேபோல, சாவு வீட்டு ஆள் ஒருவர் நேரில் வாசலுக்கு வந்து கேதம் சொல்ல வேண்டும், அதுவும் முறை. சொல்ல வந்த ராயப்பராஜ் என்பவன் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் என் சித்தப்பா மகனைப் பார்த்து, "ஒடையப்பங்கிட்ட நீங்களே சொல்லிருங்க, எனக்கு இன்னும் நாலு ஊருக்குச் சொல்லணும்" என்று அவன் காதில் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டான். சேதி வந்தது, ஆள் வரவில்லை. உன் அம்மா ஓடிப்போய்ச் சேலை எடுத்து வந்து பையில் வைத்து, "கெளம்புங்க, அங்க ஒங்க அக்கா ஒத்தையில உக்காந்திருக்கும்" என்றாள். நான் வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், கிளம்பவில்லை. "என் வாசலுக்கு வந்து சொல்லாத சாவுக்கு நான் எந்த மொகத்தோட போறது, எவனாச்சும் வரட்டும்" என்றேன். வருவான் வருவான் என்று சாயங்காலம் வரை ரோட்டையே பார்த்தேன். அங்கே அவர்கள் பொழுது இறங்குகிற வரை எனக்காகப் பிணத்தை வைத்திருந்துவிட்டு, பங்காளி வீட்டுச் சேலையைப் போட்டு எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அக்கா சொல்லி அனுப்பினாள், "எங்க வீட்டுக்காரரு மட்டும் சாகலீங்க, எந்தம்பியும் அன்னைக்கே போயிட்டான்னு சொல்லுங்க" என்று. எனக்கு ரோஷம். என் மேல் தப்பில்லை என்று நாற்பது வருஷம் சொல்லிக்கொண்டேன்.

இந்தப் பங்குனியில் ஒட்டன்சத்திரம் மண்டிக்காரர் பீர் முகமது போன் போட்டு, "என்னண்ணே, தொப்பம்பட்டியில அக்கா மவுத்தாயிருச்சாம், நீங்க இன்னும் வீட்லயா இருக்கீக" என்றார். இந்தத் தடவை போனில்கூட அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. நான் சட்டையைப் போட்டேன், கடைவீதியில் ஒரு சேலை எடுத்தேன், பழனி பஸ்ஸில் ஏறிவிட்டேன். பந்தலுக்குள் போனதும் அக்கா மகன் பழனிக்குமார் எழுந்து வந்து, "ஏனுங்க, நீங்க யாருங்க, எந்த ஊருங்க?" என்று கேட்டான். நாற்பதைத் தாண்டியவன், என் மூக்கு அவனுக்கு இருக்கிறது, என்னைத் தெரியவில்லை. "ஒன் தாய்மாமன்டா" என்றேன். அவன் கோபப்படவில்லை, ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு, "ஆத்தா உங்களைப் பத்தி ஒண்ணுமே சொன்னதில்லீங்களே" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே போய் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த அக்கா கறுத்த முடியும் தடித்த கையுமாக இருந்தவள், அங்கே சின்னக் குழந்தை அளவுக்கு ஒரு கிழவி கிடந்தாள். சேலையைப் போட்டேன். பக்கத்தில் இருந்த பெண்கள், "யாரு போடுறது, யாரு போடுறது" என்று கேட்டுக்கொண்டார்கள்.

இதை நான் உனக்குப் புத்தி சொல்வதற்காக எழுதவில்லை அப்பு, எனக்கு அந்த யோக்கியதை இல்லை. இந்த வீட்டுப் பால்காய்ச்சுக்கு நீ ஆனந்தியை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாய். இருபது நாள் லீவில் ஓடி ஓடி வேலை பார்த்தாய், எனக்குத் தெரியும். ஆனால் வத்தலக்குண்டு முக்கால் மணி நேர ஓட்டம், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போய் வெற்றிலை பாக்கு வைத்திருக்கலாம். அவள் வரவில்லை, அவள் எடுத்து வர வேண்டிய குத்துவிளக்கை உன் கொழுந்தியாள் எடுத்து வந்தாள். "சொந்த அக்காவுக்கு என்னப்பா அழைப்பு" என்று நீ கேட்டாய். "நூத்தம்பது பேருக்குப் போட்ட கார்டைத்தான் எனக்கும் போட்டான், நான் அந்த நூத்தம்பதுல ஒருத்தியாப்பா" என்று அவள் கேட்டாள். இரண்டு பேரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை, அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது அவள் மகள் தமிழ்நிலாவுக்கு ஆவணி பத்தொன்பதாம் தேதி வத்தலக்குண்டில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணுக்குத் தாய்மாமன் மாலை உண்டா இல்லையா" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்கள். நான் ஆனந்தியிடம், "தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லும்மா" என்றேன். "என்னைய மொறையா அழைக்காதவன நான் எதுக்கு அழைக்கணும், செத்தாலும் கூப்பிட மாட்டேன்" என்றாள். சரி, விட்டுவிட்டேன். போன வாரம் பத்திரிகை கொண்டுவந்து வைத்தாள். எனக்கு எழுத்துத் தெரியாது, சர்புன்னிசாவை வாசிக்கச் சொன்னேன். தாய்மாமன் என்ற இடத்தில் உன் பேர் இருக்கிறது. மறுபடி வாசிக்கச் சொன்னேன், இருக்கிறது. ஆனந்திக்குப் போன் போட்டுக் கேட்டால், "அச்சாபீஸ்காரன் அந்த எடம் காலியா இருந்தா நல்லா இருக்காதுன்னான், அதான் போட்டேன், நீங்க பேசாம இருங்க" என்கிறாள். அச்சாபீஸ்காரனுக்கு உன் பேர் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இதை எழுதுகிற சர்புன்னிசா, "மாமா, மோகன் தம்பியத் திட்டுற எடம் ஒண்ணும் வரலையே" என்கிறாள். வராது.

உன்னைக் கூப்பிட்டு அங்கே இருந்து யாரும் வர மாட்டார்கள். நீயாக வர வேண்டும். லீவு கிடைக்காது என்று சொல்வாய், கேட்டுப் பார். பட்டும் மாலையும் நான் எடுத்து வைக்கிறேன், நீ பெண்டாட்டி பிள்ளையோடு வந்து இறங்கினால் போதும். வந்ததும் இந்த வீட்டுக்கு வராதே, நேரே வத்தலக்குண்டுக்குப் போ. அவள் கதவைத் திறந்துவிட்டு நாலு வார்த்தை கேட்பாள், கேட்டுக்கொள்.

மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க நம் குலசாமி துணை நிற்கட்டும். வெயிலில் வெறும் வயிற்றோடு வண்டி ஓட்டாதே, தமிழ்மதிக்குத் தமிழ் எழுதச் சொல்லிக் கொடு. பாஸ்போர்ட்டில் நாள் இருக்கிறதா என்று இன்றைக்கே பார். நேற்று அந்த வருஷத்து ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டு கிடந்தேன். மச்சான் போனார், ராயப்பராஜ் லாரி மோதிப் போனான், உன் அம்மா போய் ஒன்பது வருஷம், அக்காவும் போய்விட்டாள். கண்ணன் கொரோனாவில் போனபோது உனக்கு விமானம் கிடைக்கவில்லை, பையில் கட்டித் தந்த அவனை வாங்க என்னோடு வந்து நின்றவள் ஆனந்திதான். நானும் எழுபத்தாறைத் தாண்டிவிட்டேன், என்னைச் சேர்க்காதே. உன்னோடு பிறந்தவர் என்று இன்றைக்கு உயிரோடு இருப்பது ஆனந்தி ஒருத்திதான்.

இப்படிக்கு,
உன் அப்பா
உடையப்பன் (கைநாட்டு)