பால்குடமும் உடற்பயிற்சிக் கணக்கும்

11-2-85, திங்கள்

காலை ஏழுக்கே கொதிக்கும் வெயில். மழை கண்டு இரண்டு வாரம். பேருந்து ஒன்பது நிமிடத் தாமதம்.

நடைபாதைக் கோப்பு என் மேசைக்கு வந்தது. சிராங்கூன் சாலையிலிருந்து டோபி காட் வரை, நடப்போருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்கும் தனிப் பாதை. அதனால் மக்கள் உடல்நலம் எவ்வளவு கூடும், அந்த நலம் எத்தனை வெள்ளிப் பணம் பெறும் என்று மதிப்பிட வேண்டும். மிச்சமாகும் நோய் விடுப்பு நாள்களை நாட்கூலியால் பெருக்குதல். குறையும் மருத்துவச் செலவைக் கூட்டுதல். கட்டுமானச் செலவை எட்டாவிட்டால் பாதை இல்லை. இடம் கார்களுக்கு.

கமலத்துக்கு இப்பாதை தேவை. சர்க்கரை நோய், தினம் நடக்கும்படி டாக்டர் உத்தரவு. கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் வெங்காய மூட்டை, சாலையில் லாரி. எங்கே நடப்பாள்? ஆயினும் என் மனைவியின் காரியம் கோப்புக்குள் நுழையலாகாது.

12-2, செவ்வாய்

சாலையில் போவோரை எண்ணிய தாள்கள் வந்தன. நடந்தோர் நம்ப முடியாத அளவு, சைக்கிள் பதினொன்று. எண்ணிய சீனப் பெண்மணி குறிப்புப் பத்தியில் கண்டதைக் கண்டபடி எழுதியிருக்கிறார்: "பலர் காலணியின்றி. பலர் மஞ்சள் உடை. சிலர் தலையில் பாத்திரம்."

தேதி பார்த்தேன். சென்ற செவ்வாய். தைப்பூசம்!

பிரிவுத் தலைவர் கோ (வயது முப்பத்திரண்டு, இங்கிலாந்துப் பட்டம்) ஓரத்தில் பென்சிலால்: "சுமையுடன் நடை. உடற்பயிற்சிப் பயன் ஒன்றரை மடங்கு." பால்குடத்துக்கு ஒன்றரை மடங்கு! முருகனுக்கு நேர்ந்துகொண்டவர்களை நோய் விடுப்பு மிச்சப்படுத்தியவர்களாக்கும் மூடத்தனம்.

நாள் குறித்தவர் பக்கத்து மேசை ஆரோக்கியசாமி. கேட்டேன்.

"கோயில் சமாசாரம் எனக்கெப்படிண்ணே தெரியும்? நான் வேதக்காரன்."

"நீங்க சிராங்கூன் ரோட்டுலயே பொறந்தவரு. வருஷா வருஷம் ரோட்ட அடைக்கிறது தெரியாதாக்கும்?"

பல்லைக் காட்டினார். பிறகு தணிந்த குரலில்: "தெரிஞ்சுதாண்ணே போட்டேன். வேற எந்த நாள் எண்ணினாலும் பாதை வராது லா. அண்ணி லாரிக்குப் பயந்து ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறத நானே பாத்தேன். பேசாம கையெழுத்துப் போடுங்க."

என் மனைவியை அவர் பொய்க்குப் பிணை வைக்கிறார். அயோக்கியத்தனம்.

14-2, வியாழன்

தைப்பூச எண்ணிக்கை நீக்கம். சாதாரண நாளில் மீண்டும் எண்ண அனுமதி கேட்டுக் குறிப்பு. கோ முகம் சுளித்தார், மறுக்க வழியில்லை. "உங்களுக்குத் திருவிழா மிக அதிகம்" என்றார் ஆங்கிலத்தில். அடுத்த வாரம் அவருடைய சீனப் புத்தாண்டுக்கு அலுவலகமே மூடல்.

ஆரோக்கியசாமியோடு பேச்சு இல்லை. நிம்மதி.

வாங்க: நீல மை, காலுறை, ஷூ பாலிஷ்.

28-2, வியாழன்

புதிய எண்ணிக்கை முடிந்தது. பயன், செலவில் பாதியைக்கூடத் தொடவில்லை. தாள்களை மறுபடி படித்தேன். நடந்தவர்களில் பெரும்பாலோர் சந்தைக்குப் போகும் குடும்பப் பெண்கள். ஊதியம் இல்லை; ஆகவே மதிப்பு சுழி. எந்தச் சட்டத்திலும் இல்லாத முறை, கோ தம் வசதிக்கு வைத்தது. அப்படி ஒருத்தி நோயில் படுத்துவிட்டால் அவள் வேலைக்கு ஆள் வைக்க என்ன கூலியோ அதுவே அவள் மதிப்பு என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

கூட்டத்தில் வாசித்துவிட்டு, கோ: "ஹவுஸ்வைஃப் யாரிடம் போய் நோய் விடுப்புச் சீட்டு நீட்டுவாள்? புருஷனிடமா?" அறை முழுவதும் சிரிப்பு. உரக்கச் சிரித்தவர் ஆரோக்கியசாமி.

வெளியே, படிக்கட்டில், அவரே வந்தார். "சாமி குடுத்த கூட்டத்த வேணாம்னு அடிச்சீங்க. இப்ப பொம்பளைங்கள எண்ணச் சொல்லி அழுவுறீங்க. லேட்டுண்ணே."

அறைந்திருப்பேன். அலுவலக நேரம்.

8-3, வெள்ளி

பாதைத் திட்டம் கைவிடப்பட்டது. இடம் கார்களுக்கு. அறிக்கையின் அடியில் என் கையெழுத்து. கணக்கில் பிழை இல்லை. பொய்யெண்ணிக்கையை நீக்கியது சரி. மறுமுறை வந்தாலும் நீக்குவேன். கோவையும் ஆரோக்கியசாமியையும் மன்னிக்கும் எண்ணம் இல்லை.

இரவு உணவில் கமலத்திடம் எல்லாம் சொன்னேன், அந்தச் சுழி உட்பட. "ஓ" என்றாள். ரசம் ஊற்றினாள்.

16-3, சனி

கிளினிக். ஒரு மணி நேரக் காத்திருப்பு, மின்விசிறி ஓடவில்லை. கமலத்துக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது.

"என்னம்மா, நடக்கிறதே இல்லையா?" என்றார் டாக்டர்.

கமலம் என் பக்கம் கையைக் காட்டினாள். "இவரக் கேளுங்க டாக்டர். நான் நடந்தா நாட்டுக்கு ஒரு காசு லாபம் இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு."

டாக்டர் சிரித்தார். வேளைக்கு ஒன்றாக இருந்த மாத்திரை, இனி இரண்டு.