வீரணன் சொம்புத் தண்ணீர்

எம்.ரெட்டியபட்டி
விய வருஷம், மாசி மாதம்

சிரஞ்சீவி அருஞ்சுனைக்கு அப்பன் பொன்னுச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் இரண்டு மாடுகளும் சுகம், கொழும்பில் உன் சுகத்துக்கு எழுதவும். சுகம் என்று எழுதுவது முறை, அதனால் எழுதினேன். என் மட்டில் மெய்யாகவே சுகந்தானா என்பது கொஞ்ச நாள் போனால்தான் தெரியும், காரணம் கீழே வருகிறது.

உன் வீரணன் மாமா காலமான தந்தி கிடைத்திருக்கும். ஒரு வருஷமாகக் கன்னத்தில் புற்றோடு கிடந்த மனுஷன், கடைசியில் கஞ்சித்தண்ணீரும் இறங்காமல் போய்ச் சேர்ந்தார். இது ஒட்டுகிற நோய் இல்லை என்று மதுரை டாக்டர் என்னிடம் உறுதியாகச் சொன்னார், நானும் ஊரெல்லாம் சொன்னேன், என் பேச்சைக் கேட்கிற ஊராக இருந்தால் எப்போதோ உருப்பட்டிருக்குமே. எதிர்வீட்டுக் குருவம்மாள், அந்தப் புண்ணுக் காத்து பட்டாலே போதும், அடுத்த தையிக்கு இருக்க மாட்டீக என்று சொன்னதுதான் நின்றது. துக்கத்துக்கு வந்த பெண்கள் எதிர்ச்சுவர் ஓரமாகவே நின்று மாரடித்துவிட்டுப் போனார்கள். புருஷனைப் பறிகொடுத்த உன் கருத்தம்மாள் அத்தையை ஒருத்தி கூடக் கட்டி அழவில்லை. உன் அம்மாவும்தான், சோற்றுச் சட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அத்தையோ, என் கூடப்பிறந்தவள், பிள்ளை குட்டியும் இல்லாதவள், அழவும் இல்லை, சோற்றைத் தொடவும் இல்லை. அவள் கிணற்றடிப் பக்கம் நடந்தாலே நான் பின்னாலேயே ஓடினேன்.

மயானத்தில் பால் தெளித்துவிட்டு வந்த அன்று அவள் வாசலில் உட்கார்ந்து, தாயி, குடிக்கத் தண்ணி கொண்டா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டேன். அண்ணன் குடித்தால் மற்றவர்களும் படியேறுவார்கள் என்பது என் ராஜதந்திரம். கொண்டுவந்தாள். நான் ஒரு வாய் நிறைய ஊற்றிய பிறகுதான் அவள் முகம் மாறியது. அய்யோ அண்ணே, அவுக சொம்புண்ணே, ஒதுக்கி வச்சிருந்தேன், வருசமெல்லாம் எடுத்த கை, தானாப் போயிருச்சே என்றாள். எதிர்ச்சுவர் முழுக்கக் கேட்டது. துப்புங்க, துப்பித் தொலைங்க என்று உன் அம்மா அலறினாள். துப்பினால் என் தங்கச்சி வீட்டுப் படியை அப்புறம் ஒரு நாயும் மிதிக்காது. டாக்டர் சொன்னது மண்டையில் இருக்கிறது, தொண்டைக்குத் தெரியவேண்டுமே! தேளைக் கண்டால் கட்டிலில் ஏறுகிற வீரன் உன் அப்பன். கண்ணை மூடி விழுங்கினேன். விழுங்கிவிட்டு, கஞ்சப்பய, உசுரோட இருக்கையில எனக்கு ஒரு வாய் மோராவது ஊத்துனானா, செத்தப்புறந்தான் அவன் சொம்பு கைக்கு வருது என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அத்தை சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் உடைந்து, ஒரு வருஷத்து அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. உன் அம்மா தெருவைத் தாண்டி ஓடி வந்தாள், என்னை அடிக்கத்தான் வருகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். என்னைத் தாண்டிப் போய் அவளைக் கட்டிக்கொண்டு, ஆத்தா நான் பாவியாயிட்டேனே என்று விழுந்து அழுதாள். பிறகு மடியில் சாய்த்து இரண்டு கவளம் ஊட்டினாள். குருவம்மாள் மட்டும் இன்னும் சுவரை விடவில்லை. நானும் தினம் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்க்கிறேன், உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

கொழும்புப் புகையிலையை இன்றோடு விடு, மாமா கன்னத்தில் அதக்கியதும் புகையிலைதான். அத்தைக்குக் கடிதம் எழுது. விதி, தலையெழுத்து என்று ஆறுதல் எழுதாதே, அதெல்லாம் அவள் நிறையக் கேட்டுவிட்டாள். திருச்சுழித் தேருக்கு மாமா உன்னைத் தோளில் தூக்கிப்போனாரே, அந்த மாதிரி எழுது. அவர் பேரை எடுக்கவே எல்லோரும் பயப்படுகிறார்கள்.

உனக்கு நோய்நொடி அண்டாமல் இருளப்பசாமி காப்பார். மறக்காதே, கடிதத்தை நம் வீட்டு விலாசத்துக்குப் போடாதே, அத்தை பேருக்கே போடு. அவளுக்கு வாசிக்கத் தெரியாதுதான், நான் போய் வாசிப்பேன். தபால்காரர் அவள் வாசலில் நின்று, கருத்தம்மா என்று உரக்கக் கூப்பிடட்டும்.

உன் நலம் கோரும் அப்பன்,
பொன்னுச்சாமி