வைக்கோலுக்குள் போன நெல்

செவ்வாய், இரவு.

இன்று கொல்லயில் ஊரில் ஸ்டெல்லா அக்காவின் வயலில் அறுவடை. இயந்திரம் அறுத்த நெல்லின் தரத்தைப் பார்த்துச் சொல்வது கிருஷிபவன் என்ற வேளாண் அலுவலகத்தில் என் வேலை. முதல் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். தூசியும் இல்லை, பதரும் இல்லை.

“எனக்க நெல்ல பாத்தியா மக்கா? கழுவி வச்ச மாதிரி உண்டு,” என்று அக்கா சிரித்தார். நல்ல தரம் என்று நானும் சொன்னேன்.

பிறகுதான் புறாக்களைக் கவனித்தேன். அறுவடை வண்டியின் பின்னால் விழும் வைக்கோலை மொய்த்துக்கொண்டிருந்தன. ஒரு பிடி எடுத்து உதறினேன். முற்றிய நெல்மணிகள் கொட்டின. உடனே வண்டியை நிறுத்தச் சொன்னேன். அதற்குள் பாதி வயல் முடிந்திருந்தது.

“போன வயல்ல பதர் அதிகம்னு மில்லுக்காரர் திட்டினாரு மேடம். அதான் காத்தக் கூட்டி வச்சேன்,” என்றார் சேலத்து டிரைவர். பதரோடு நெல்லையும் இயந்திர விசிறியின் அந்தக் காற்று வைக்கோலுக்குள் ஊதித் தள்ளியிருக்கிறது.

“எலே, புறாவுக்குச் சோறு போடவாலே ஒன்ன வரச் சொன்னேன்?” என்று அக்கா கத்தினார். விற்கவும் உண்ணவும் அவருக்கு அந்த ஒரு வயல்தான்.

காற்றைக் குறைத்ததும் மூட்டையில் பதர் வந்தது. புடைத்துக்கொள்வதாக அக்கா சொல்லிவிட்டார். மூட்டைக்குள் வந்த நெல்லை மட்டுமே பார்த்துத் தரம் சொல்லியிருக்கிறேன்; வராமல் போனதை நான் இதுவரை எந்த வயலிலும் தேடிப் பார்த்ததில்லை.

“நாள காலத்த வைக்கோல ஒதறிப் பாப்போம். நீயும் வாறியா?” என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

இப்போது மழை கொட்டுகிறது. வைக்கோல் நெல்லோடு வயலிலேயே நனைந்து கிடக்கும். போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். கூப்பிட்டு என்ன சொல்வது? அக்காவும் விழித்துத்தான் இருப்பார்.