மூன்றாவது கேசட்டின் முடிவு

2024 மே 14, செவ்வாய்

வெலிமடையிலிருந்து லீக்ஸ் மூட்டைகளோடு லொறியை ஓட்டி வந்தேன். ஏழு வளைவுகளில் ஏழு பஸ்களை மன்னித்து அனுப்பினேன். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டச் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்திக்கு இந்தப் பெருந்தன்மைகூட இல்லாவிட்டால் எப்படி?

வீட்டுக்குள் நுழைந்தால், அரண்மனையிலேயே குண்டு. தங்கை மகள் தர்ஷிகா துள்ளிக்கொண்டு நிற்கிறாள்.

"மாமா, நீங்க கதை கதையாச் சொல்லுவீங்களே, அந்தக் காலேஜ் படம்! கேசட் கெடச்சிருச்சு. பதுளையில புவாத் நானா வீடியோக் கடைப் பரண்ல கெடந்திச்சாம். அவரு மகன் றுஷ்தி கம்ப்யூட்டர்ல ஏத்தித் தாராராம். ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்குத் தோட்டத்து ஹோல்ல போடுறோம்."

"முழுசாவா?"

"கடைசி வரைக்கும் மாமா!"

அடுப்படியில் என் மனைவி விஜயலெட்சுமி சிரித்தாள். "நல்லதுதான். நானும் வாரேன்" என்றாள். சோறு இறங்கவில்லை. மூன்று கோப்பைதான் சாப்பிட்டேன்.

மே 15

உண்மையை இந்தக் கொப்பியிலாவது எழுதி வைக்கிறேன்.

எண்பத்து நாலில் எனக்குப் பதினாலு வயது. எங்கள் லயத்து வீடுகளெல்லாம் ஒன்று சேர்ந்து புவாத் நானாவிடம் வீடியோ டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுக்கும். மூன்று கேசட் வரும். முதலில் பெரியவர்களுக்குச் சாமிப் படம். அடுத்து சண்டைப் படம். கடைசியில்தான் எங்கள் காலேஜ் படம். இந்த வரிசையை மாற்ற ஜனாதிபதிக்கும் அதிகாரம் கிடையாது. ஆகவே, கதாநாயகி காதலனை விட்டு, வேலைக் கடிதத்தோடு பஸ்ஸில் ஏறும் இடத்தில் மிகச் சரியாக விடிந்துவிடும். எல்லோரும் அன்றைய வேலைக்குப் பெரட்டில் பேர் கொடுக்க ஓடுவார்கள். கடை ஆள் டெக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். ஐந்து தடவை எடுத்தோம். ஐந்து தடவையும் அதே பஸ், அதே விடியல்.

அவள் போனாளா, திரும்பினாளா? ஸ்பிரிங்வெளியில் அந்த வருடம் இதைவிடப் பெரிய பிரச்சினை இல்லை. பதுளைத் தியேட்டரில் அதே படம் ஓடியபோது, முடிவைப் பார்த்து வர என்னைத் தூதனாக அனுப்பினார்கள். போனேன். தியேட்டர் வாசலில் மட்டன் ரோல்ஸ் மணந்தது. டிக்கெட்டுக்கான காசு வயிற்றுக்குள் போயிற்று. திரும்பி வந்து, அவள் அடுத்த வளைவிலேயே இறங்கி மழையில் அவனிடம் ஓடி வந்ததாகவும், அவள் அப்பன்காரனே இருவருக்கும் குடை பிடித்ததாகவும் சொன்னேன். லயமே அழுதது.

சரி, பதினாலு வயதுப் பொய். ஆனால் தொண்ணூற்று ஒன்றில்?

விஜயாவின் அப்பா வீரசிங்கம் கங்காணிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. பெரகலயிலிருந்த அத்தை அவளைத் தையல் படிக்க வரச் சொல்லியிருந்தாள். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது விஜயா கேட்டாள்: "அந்தப் படத்துல அவ நெசமாவே எறங்கி வந்தாளா?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அவள் பெரகலக்குப் போகவில்லை. அடுத்த மாதம் என்னைக் கட்டிக்கொண்டாள்.

என் கல்யாணத்தின் அத்திவாரம் இரண்டு மட்டன் ரோல்ஸ்.

மே 17

றுஷ்தியிடம் போய் மன்றாடினேன். கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் அழித்துவிடு, உன் பெயரால் மலையுச்சியில் கோபுரம் எழுப்புகிறேன் என்றேன்.

"ஏலாது அங்கிள். அத அழிச்சா வாப்பா என்னைய அழிச்சிருவாரு."

"முடிவு என்னன்னாவது சொல்லப்பா!"

"என்ன அங்கிள், நீங்கதானே பாத்த ஆள்?"

மே 19, ஞாயிறு

மின்சாரம் நிற்க வேண்டும் என்று முப்பத்து முக்கோடி தேவர்களுக்கும் தனித்தனியாக விண்ணப்பித்தேன். ஒருவருக்கும் அவகாசமில்லை.

ஹோல் நிறைய இளசுகள். கதாநாயகனின் காற்சட்டையைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன் ஒரு காலுக்குள் இரண்டு குடும்பம் குடியிருக்கலாம், உண்மைதான். ஆனால் அவன் ஒரு கடிதத்தை எழுதி, கிழித்து, எழுதி, கிழித்து, பதினோராம் தடவை உறையில் போட்டபோது ஒருவரும் மூச்சுவிடவில்லை. இவர்கள் ஒரு நாளில் நூறு மெசேஜ் அனுப்புகிறவர்கள்! அந்தப் படத்தில் போன் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் கதை முடிந்திருக்கும்.

ஏன் இன்னும் பிடிக்கிறது? காதலுக்காக என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். இல்லை. அதில் இருபது வயதுப் பிள்ளைகள் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் யாரும் பேர் கொடுக்க ஓடவில்லை. எங்களுக்கு அந்த வயதே வரவில்லை. பதினாலிலிருந்து நேரே வேலைக்குப் போனோம். இடையில் இருந்திருக்க வேண்டிய வருடங்களைத்தான் டெக்கோடு வாடகைக்கு எடுத்தோம் போலும்.

சே, சக்கரவர்த்தி கண் கலங்குவதா.

முடிவு: பஸ் போகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் நிற்கிறான். முற்றும்.

விளக்கைப் போட்டதும் எல்லாத் தலைகளும் என் பக்கம். "மாமா, அந்தப் பொண்ணு எறங்கி வருவான்னீங்களே?"

எழுந்தேன். "இது வெளிநாட்டுக்கு அனுப்புன கொப்பி. தியேட்டர்ல ஓடுனது வேற!" என்று முழங்கினேன்.

"அதானே! மச்சான் நேர்ல பாத்த ஆளு" என்றான் விஜயாவின் தம்பி புவனேந்திரன். கைதட்டல்.

விஜயா தட்டவில்லை.

மே 20

அவள் பேசவில்லை. துன்ஹிந்தை அருவி வற்றிப்போனாலும் இவ்வளவு அமைதி இருக்காது.

மே 21

இன்றும்.

மே 22

இன்று சொல்லிவிட்டேன். ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள்.

"நான் தியேட்டருக்குள்ள போகவே இல்ல விஜயா. வாசல்லயே ரோல்ஸ் தின்னுட்டு வந்துட்டேன்."

"எத்தன?"

"ரெண்டு."

மாவை ஓங்கி அடித்தாள். "அன்னைக்கிப் பீலியில படத்தப் பத்தியாங்க கேட்டேன்? பெரகலக்கிப் போறதா, இருக்கறதான்னு கேட்டேன்."

"அது தெரிஞ்சுதான் அப்புடிச் சொன்னேன்."

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. ஐயோ, அவளைப் போகவிடாமல் எவ்வளவு பெரிய வேலை பார்த்திருக்கேன்டா நான்.

மாவை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கிச் சின்னப் பய, சொன்னீங்க. போகட்டும். ஞாயித்துக்கெழமயும் சொன்னீங்களே? அந்தப் பொண்ணு போனது ஒங்களுக்குப் பொறுக்கல. எனக்கு அதுதாங்க புடிச்சிருந்திச்சு."

மே 23, வெசாக் பண்டிகை

ஹோலில் பிள்ளைகள் வெசாக் விளக்குக் கூடு கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் போய் நின்றேன். மூன்று தடவை செருமினேன். இதில் மிகை எதுவும் இல்லை.

"ஞாயித்துக்கெழம பாத்ததுதான் அந்தப் படத்தோட முடிவு. நானும் அன்னைக்கித்தான் மொதத் தடவையாப் பாத்தேன்."

"அப்ப நாப்பது வருசமா, மாமா?" என்றாள் தர்ஷிகா.

"நாப்பது வருசமா."

அவர்கள் சிரித்த சிரிப்பில் நமுனுகுலை மலை இரண்டங்குலம் நகர்ந்தது. வாசலில் விஜயா நின்றிருந்தாள். அவளும் சிரித்தாளா? கூட்டத்தில் சரியாகத் தெரியவில்லை.

மே 30

என் ராஜ்யம் பறிபோயிற்று. கொழுந்து பறிக்கும் மலையில் விஜயா கதை சொல்கிறாளாம், அந்தப் பெண் பஸ்ஸில் போன பிறகு நடந்ததை. புவனேந்திரனின் பெண்சாதி கலாராணி வந்து ஒப்பித்தாள். படத்துப் பெண்ணுக்கு இப்போது சொந்தக் கடை, ஆறு தையல் மெஷின். கதாநாயகன் தாடியோடு இன்னும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறானாம். தாடி முழங்கால் வரைக்குமாம். இவ்வளவு அப்பட்டமான மிகையை நான்கூடச் செய்ததில்லை.

தேத்தண்ணி குடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன்: "அவனச் சேத்துக்கிட்டாளா?"

"உண்மையச் சொன்னான்ல? யோசிக்கிறா" என்றாள்.

ஜூன் 3, திங்கள்

பெரகலயில் அத்தை மகள் தையல் வகுப்பு நடத்துகிறாள். இரண்டு வாரம் தங்கிப் படிக்கப் போகிறேன் என்றாள் விஜயா, ஐம்பத்திரண்டு வயதில். லொறியில் கொண்டு விடுகிறேன் என்றேன். "வேணாங்க, பஸ்லயே போறேன்."

பதுளை ஸ்டாண்டில் பையை ஏற்றிக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். இறங்கு என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. பஸ் கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"தாடிய மட்டும் வளத்துடாதீங்க! ஒங்களுக்கு நல்லாருக்காது!"

நேரே சலூனுக்குப் போனேன்.