கரையாத சுண்ணாம்பு

1988 ஆகஸ்ட் 9, செவ்வாய்

அப்பாவின் இடுப்பில் சுண்ணாம்பு டப்பா இல்லை. காலையில் அதைத்தான் முதலில் கவனித்தேன். கேட்டதற்கு, "வெத்தலய உட்டுட்டேன். நெஞ்சுல படிஞ்ச சுண்ணாம்பு தன்னால கரைஞ்சிரும். நாளைக்குப் பெங்களூரு ஆஸ்பத்திரி வேணாம்" என்றார். அம்மாவும் பயத்தில் தலையாட்டினாள்.

போன வாரம் டாக்டர் பேசியபோது அப்பாவுடன் நான்தான் இருந்தேன். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் சுண்ணாம்புச் சத்து படிந்து கல்லாக இறுகிவிட்டதாம். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தால் பீடி குடித்த நுரையீரல் தாங்காது. அதனால் தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, அதன் நுனியில் இருக்கும் பலூனை ஊதி அடைப்பை விரிப்பார்கள்.

வீட்டில் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. இன்று வெந்நீர் அண்டாவைத் தூக்கி வந்து அப்பா முன்னால் சாய்த்துக் காட்டினேன்.

"இதுல உப்புத் தண்ணி ஊத்தறத உட்டு ஒரு வருசமாச்சுங்கப்பா. படிஞ்ச வெள்ளை போச்சுங்களா?"

அப்பா உள்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். அது பெயரவில்லை.

"பலூன் விரியலன்னா?"

"விரியாமலும் போகலாம்னு டாக்டர் சொன்னாருங்க. பாத்து மெதுவாத்தான் ஊதுவாங்களாம். வூட்லயே இருந்தா மட்டும் வலி நிக்குதுங்களா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்த உட்டு நின்னவ, அந்த டாக்டருக்கே பாடம் எடுப்பா போல." அண்டாவை நிமிர்த்தி வைத்துவிட்டு, "மொத பஸ்ஸுக்கே போயிரலாம்" என்றார்.

அப்பா பிழைத்துக்கொள்வார். எனக்கு அதில் சந்தேகமில்லை. பலூன் மட்டும்... அதையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அவருடைய வேட்டிகளை மடித்துப் பையில் வைத்தேன்.