எதிரே வரக் கூடாதவள்

ஆவணி 9, திங்கள்

காலையில் தூறல். சித்தேரி மலை தெரியவில்லை. காயப்போட்ட மிளகாயை மறுபடி உள்ளே வாரி வைத்தது.

இன்று ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்க வேண்டும். கரிநாள் என்று அத்தை காலண்டரைக் காட்டினார். போன மாதம் கேட்டால் ஆடி. அதற்கு முன் டாக்டரம்மா சொன்னது செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் உடம்பில் கத்தி படக் கூடாதாம். கர்ப்பப்பைக் கட்டிக்குக் காலண்டர் தெரியாது. நேற்று முழுக்க உதிரப்போக்கு. குடம் தூக்கினால் கண் இருட்டுகிறது.

வாங்கியது: பால், கற்பூரம், எலுமிச்சை (வண்டிக்கு). பருப்பு மறந்துவிட்டது.

ஆவணி 11, புதன்

நல்ல வெயில். ஸ்கேன் எடுக்கத் தர்மபுரிக்குக் கிளம்பினோம். கார் வாசலைத் தாண்டும்போது எதிரே மல்லிகா, இடுப்பில் தண்ணீர்க் குடம். என் வீட்டுக்காரருடைய தங்கை. லாரி கவிழ்ந்து புருஷன் போனபின் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். யாராவது வெளியே கிளம்பினால் தானாகவே ஸ்டோர் ரூமுக்குள் போய்விடுவாள். இன்று நாங்கள் கிளம்பியது தெரியாமல் குழாயடிக்குப் போயிருக்கிறாள்.

நிறைகுடம் எதிரே வந்தால் நல்லது. தூக்கி வருபவள் மல்லிகா. குடத்தைப் பார்ப்பதா, அவளைப் பார்ப்பதா? அவர் பிரேக்கை மிதித்துவிட்டு அத்தையைப் பார்த்தார். அத்தை கையை ஆட்டினார். திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, உட்கார்ந்து, மறுபடி கிளம்பினோம். எனக்கும் நெஞ்சு திக்கென்றது, பொய் சொல்லக் கூடாது.

போய்ச் சேர்வதற்குள் டோக்கன் முடிந்து, ஸ்கேன் டாக்டர் கிளம்பிவிட்டார். வெறும் கையோடு வந்தோம்.

அத்தை: "பாத்தியா, எதுக்க வந்தா. போன காரியம் ஆவல."

திரும்பி வந்து உட்கார்ந்தோமே, அதில்தான் நேரம் போனது. சொல்லவில்லை. சொல்லிவிட்டு, ஆபரேஷனில் ஏதாவது ஆனால் நான் பேசிய பேச்சுதான் காரணம் என்று ஆகும். மல்லிகா கேழ்வரகு புடைத்துக்கொண்டே இருந்தாள். ராத்திரி சாப்பிட வரவில்லை.

ஆவணி 13, வெள்ளி

விளக்கு தேய்த்து, பூ வைத்து, கவசம் படித்தாயிற்று. நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று ஸ்கேன் முடிந்தது. ரத்தம் ஏழுதான் இருக்கிறது. டாக்டரம்மா அவரைத்தான் பார்த்துப் பேசினார். "நல்லா நாள் பாருங்க. ரத்தம் மட்டும் நாள் பாக்காம போய்க்கிட்டே இருக்குது." திங்கள் வரவில்லை என்றால் உயிருக்குத் தான் பொறுப்பில்லை என்றும் சொன்னார். வரும் வழியில் அவர் தக்காளி விலை மட்டும் ஒரு தடவை சொன்னார்.

என்னோடு யார் தங்குவது? பெண்கள் வார்டில் அவரை விடமாட்டார்கள். அத்தைக்கு முட்டி வலி. மல்லிகாதான். அத்தையும் சரி என்றார். ஆனால் அவள் காரில் வரக் கூடாது, பின்வாசல் வழியாகப் போய் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். என் துணி அலச ஆகும், என்னோடு கிளம்ப ஆகாது. பெற்ற மகளைத்தான் சொல்கிறார். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தைக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை.

ஆவணி 15, ஞாயிறு

பை கட்டியது. பழைய புடவை, நைட்டி, பிளாஸ்க், டம்ளர், விபூதிப் பொட்டலம். மோருக்கு உறை ஊற்றியது.

மல்லிகாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். காலையில் வாசலில் வந்து நில், உன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன் என்று. பெரிய மனசு என்று எனக்கே நினைப்பு.

"வேணாங்க அண்ணி. உங்களுக்கு ஒண்ணுன்னா அம்மா என்னத்தான் கேக்கும். அது கேக்காட்டியும் நானே என்னைக் கேட்டுக்குவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ஸ்டோர் ரூமு நல்லாத்தாங்க இருக்குது. கடலை தின்னுக்கிட்டே போன் பாப்பேன்."

கடலை குறைவது எலியால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆவணி 16, திங்கள்

ஆஸ்பத்திரிக் கட்டில். இடது கையில் ரத்தம் ஏறுகிறது. வலது கையால் இது.

ராகு காலம் 7.30க்கு. அதற்கு முன்பே கிளம்ப ஏற்பாடு. டயருக்கு அடியில் எலுமிச்சை. அத்தை தெருவில் நின்று, ஒற்றை ஆள் யாரும் வருகிறார்களா என்று இரு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கேற்றிக் கும்பிட்டேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறை வழியாகப் பின்னால் போய்விட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. வாசல் வரைக்கும் நடக்க அலுப்பாக இருந்தது.

மல்லிகா மரவள்ளிக் காட்டு வரப்பில் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். "ஐயோ, முன்வாசப் பக்கம் போங்க அண்ணி" என்றாள். நான் திரும்பவில்லை. வரப்பு ஈரம். பாதி வழியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்தாள். அகலமில்லாத வரப்பு, பக்கத்தில் நிற்க இடமில்லை. என் கையை விடாமல், பின்பக்கமாகவே நடந்து என்னை ரோடு வரை கூட்டிப்போனாள். அவ்வளவு தூரமும் எதிரே அவள் முகம்தான்.

பின்கதவு திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவர் காரைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். எங்கள் இருவர் காலிலும் சேறு. பார்த்தார். "ஏறுங்க" என்றார், மல்லிகாவையும் சேர்த்து. அத்தை போனில் கேட்டதற்கு எலுமிச்சை மேல் வண்டியை ஏற்றியாயிற்று என்று மட்டும் சொன்னார்.

ரத்தம் ஏறிய பிறகு நாளைக் காலை ஆபரேஷன். நாளை செவ்வாய். அத்தையிடம் யாரும் சொல்லவில்லை.

மல்லிகா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துத் தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது.

முருகா, நான் நல்லபடியாக எழுந்து வர வேண்டும். வரப்பில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு ஒன்று என்றால் அவள் தன்னையே கேட்டுக்கொள்வாள்.