ஆப்பிள், மேசை, நாணயம்

2012 அக்டோபர் 14

இன்று கொட்டாரம் சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கைப் பொருள்களை ஏலம் போட்டவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரும் இமயம்வரை கேட்கும் தொண்டைக்குச் சொந்தக்காரருமான ஜெபசீலன். அதாவது நான். ஒரு நோஞ்சான் சேவலைத் தூக்கிப் பிடித்து, இயேசுவைத் தெரியாதென்று பேதுரு மறுதலித்த அன்று கூவிய சேவலின் நேர் வாரிசு என்று அறிவித்தேன். போதகர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். சேவலும் நம்பிவிட்டது, நெஞ்சை நிமிர்த்தியது.

அடுத்து, என் வீட்டுக்காரி நேசம்மாள் காணிக்கையாகக் கொடுத்த முந்திரிக்கொத்து. நேற்று முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து அவள் பொரித்தது. அதை முதல் ஆளாக ஏலம் கேட்டவளும் அவளே. "நல்ல மணமாட்டு இருக்கு. ஆரு செஞ்சது?"

"தன் கைப்பக்குவத்தில் தானே மயங்கிய மகாராணி!" என்று கூவினேன். ஊரே சிரித்தது. அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்ததும் மறுபடி கேட்டாள், "ஆரு செஞ்சது?"

இங்கே சிரிக்க வைக்கக் கூட்டம் இல்லை.

அக்டோபர் 22

நேசம் அடுப்பில் வைத்த பால் தீய்ந்து பாத்திரமே ஓட்டை. பாலில் பெட்ரோல் கலக்கிறான் என்று பால்காரனைத் தெரு கேட்கத் திட்டினேன். பாவம் அவன்.

நவம்பர் 3

தங்கை மகள் ஜாஸ்மி வந்திருக்கிறாள். மனநலம் பற்றிய படிப்பு. வயதானவர்களுக்கு வரும் மறதிநோயைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் இடத்தில் இன்டர்ன்ஷிப். வீடு வீடாகப் போய் அறுபது வயது தாண்டியவர்களிடம் கேள்வி கேட்க வேண்டுமாம். மார்க் குறைந்தால் டாக்டர் பார்ப்பார். நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று வீட்டுக்கே ஆள் வந்து சொல்லித் தருவார். மார்க் கூடினால் நோயைத் தடுக்கும் வகுப்பு. நடை, சுகர், பிரஷர்.

ஒத்திகைக்கு நான்தான் அகப்பட்டேன்.

"மூணு வார்த்தை சொல்லுவேன் மாமா, மனசுல வச்சுக்கணும். பொறவு கேப்பேன். ஆப்பிள், மேசை, நாணயம்."

"இது என்ன மக்கா, ஏதேன் தோட்டத்துல ஜப்தியா?"

"வெளையாடாம சொல்லுங்க."

முப்பதுக்கு முப்பது. கூட இரண்டு மார்க் கேட்டேன், தரவில்லை. சொந்தக்காரர்களைச் சோதிக்கக் கூடாது என்பது சட்டமாம். மாமியைச் சோதிக்க அவள் கூட்டாளி ரெஜிஷா வருவாள், தேங்காய்ப்பட்டணத்துப் பெண்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நேசம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக?

நவம்பர் 4

"நான் தோத்துப்போனா எங்கயாவது ஆஸ்பத்திரியில கொண்டு ஆக்கிருவியளா?" என்றாள் நேசம்.

"ஒன்னயா? ஏழு கப்பல் பட்டாளம் வந்தாலும் விடமாட்டேன்."

"சபையில எல்லாரும் அறிவாவளே."

"ஒருத்தனும் அறியமாட்டான்."

"அப்பம் அந்தக் கேள்விய எனக்குச் சொல்லித் தாருங்க."

மார்க் குறைந்தால்தான் டாக்டர் என்று ஜாஸ்மி சொன்னது என் காதிலும் விழுந்தது. ஆனால் அவள் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பிடித்ததில்லை.

நவம்பர் 8

குடும்ப ஜெபம் எங்கள் சர்வகலாசாலை ஆயிற்று. நேசம் நூற்று இருபத்தோராம் சங்கீதத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்வாள். அது முடிந்ததும் என் பாடம். ஆப்பிள், மேசை, நாணயம். ஆமென்.

முதலில் சாயா கொதிக்கும்வரைதான் நின்றது. பிறகு சோறு வேகும்வரை. இப்போது காலையில் சொன்னது மத்தியானமும் நிற்கிறது. உலகத்துப் பேராசிரியர்கள் வரிசையில் நின்று என்னிடம் டியூஷன் படிக்கலாம்.

இறந்துபோன தன் அக்காளுக்கு முந்தாநாள் சாப்பாடு எடுத்துவைத்தாளே, அது எந்தப் பாடத்தில் வரும்? இறந்து பதினாறு வருஷம்.

நவம்பர் 12

ரெஜிஷா வந்தாள். தேதி கேட்டால் பார்த்துச் சொல்ல, காலண்டர் தாளைக் கிழித்து நேசத்தின் கைக்குள் வைத்திருந்தேன். அந்தப் பெண் வார்த்தைகளைச் சொல்வதற்கு முன்பே நேசம் வாயைத் திறந்தாள். நான் இருமினேன். கன்னியாகுமரிக் கடல் ஒரு மைல் பின்வாங்கும் இருமல். தப்பித்தோம்.

இருபத்தாறு மார்க்! "சூப்பர் அம்மா, ஒங்களுக்கு ஒரு கொழப்பமும் இல்ல" என்றாள் ரெஜிஷா. நேசம் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் பத்துப் பதினைந்து வயது குறைந்துபோனது.

டிசம்பர் 10

தடுப்பு வகுப்பில் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். நானும் கூடப் போனேன். முழங்கால் சத்தியாக்கிரகம் தொடங்கிவிட்டது. இப்போது அவள் தனியாகக் குளக்கரைவரை போய்த் திரும்புகிறாள். வேண்டாம் என்றால், "நான் நல்லாத்தானே இருக்கேன்? அந்தப் பிள்ளை சொன்னாளே" என்கிறாள்.

செருப்பை எடுத்துக் கொடுக்கிறேன்.

2013 பிப்ரவரி 6

நேசத்தைக் காணல்ல.

நாலு மணிக்கு நடக்கப் போனவ. குளக்கரையில இல்ல, கோயில்ல இல்ல. நாகர்கோவில் பஸ் எல்லாத்துலயும் ஏறிப் பாத்தாச்சு. போலீசில என்ன உடுத்திருந்தாண்ணு கேட்டான். எனக்குத் தெரியல்ல. பச்சையா நீலமா. கர்த்தாவே. எல்லாத்தயும் படிப்பிச்சேனே...

பிப்ரவரி 7

கிடைத்துவிட்டாள். அஞ்சுகிராமத்துக்கு அப்பால், வயல் ஓரத்து வாய்க்காலில். இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்திருக்கிறாள். இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது.

அஞ்சுகிராமம் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். நான் டிக்கெட் கிழித்த அதே தடம். கண்டக்டர் புதுப் பையன். ஆஸ்பத்திரி வாசலில் வந்து அழுதான். "எங்க எறங்கணும்ணு கேட்டேன் அண்ணாச்சி. ஆப்பிள், மேசை, நாணயம்ணு சொன்னாவ. திரும்பத் திரும்ப அதேதான். சந்தையில சாமான் வாங்கப் போறாவளோன்னு நெனச்சு கடைசி ஸ்டாப்புல எறக்கிவிட்டேன்."

ஜாஸ்மி என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 11

ஜாஸ்மி இன்றுதான் என்னிடம் பேசினாள்.

"எப்பிடிப் படிப்பிச்சீங்க?"

சொன்னேன். சாயா, சோறு, மத்தியானம்.

"இப்பிடி இடைவெளி கூட்டிக் கூட்டிக் கேக்கதுதான் மாமா எங்களுக்கும் சொல்லித் தருவாங்க. நோயுள்ளவங்களுக்கு ஒண்ணு ரெண்டு காரியம் மனசுல நிக்கதுக்கு." கண்ணைத் துடைத்தாள். "இம்புட்டுப் பாடுபட்டீங்களே. வீடு கொட்டாரத்துலன்னு படிப்பிச்சிருக்கலாமே."

மேலே உள்ளவர்களிடம் நடந்ததைச் சொல்லி, மாமியின் மார்க்கை ரத்து செய்யப் போகிறாளாம். ரெஜிஷாவுக்கும் திட்டு விழும். நான் ஏதோ வேடிக்கை சொல்ல வாயெடுத்தேன். "வேண்டாம் மாமா" என்றாள்.

மே 19

"வீடு கொட்டாரம்." காலை முதல் சொல்லித் தருகிறேன். சாயா கொதிக்கும்வரைகூட நிற்கவில்லை. தாமதமாகிவிட்டதாம். இப்போது வரும் டாக்டர் கோபிக்காமல்தான் சொன்னார்.

படுக்கையை விட்டு இனி எழும்பமாட்டாள். வீடு எதுவென்று அறிந்து எங்கே போக?

அக்டோபர் 13

அறுப்பின் பண்டிகை. ஏலம் வேறு ஆள். சத்தம் வீடுவரை கேட்டது, தொண்டை மோசமில்லை. சேவலுக்கு வம்ச வரலாறு சொல்லத் தெரியவில்லை.

2014 ஜனவரி 9

சங்கீதமும் போய்விட்டது. "எனக்கு ஒத்தாசை வரும்" என்று தொடங்கி நின்றுவிட்டாள். மீதியை நான் சொன்னேன்.

மார்ச் 2

என்னை இன்று அவளுக்கு யாரென்று தெரியவில்லை. நேற்றும்தான். அதை நேற்று எழுத மனம் வரவில்லை.

கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது கிட்டே வரச் சொல்லி, குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு பொண்ணு வருவா. கேள்வி கேப்பா. நீரு பயப்படாதேயும். ஆப்பிள், மேசை, நாணயம். இது சொன்னாப் போரும், ஒம்ம எங்கயும் கொண்டு ஆக்கமாட்டாவ."

"ஆரு சொல்லித் தந்தது?"

"எங்க வீட்டுக்காரரு. ஏலம் போடப் போயிருக்காரு. வரட்டு, ஒம்மயும் சிரிக்க வைப்பாரு."

துணியால் அவள் வாயைத் துடைத்துவிட்டேன்.

"எங்க, சொல்லும் பாப்பம்."

"ஆப்பிள், நாணயம்" என்றேன்.

மேசையை வேண்டுமென்றே விட்டிருந்தேன். என் தலையில் மெல்லத் தட்டி, சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தாள்.